பூ குத்தாத ஆட்டக்காரர்

ஒன்பது கோல்!

கால்பந்தில் ஒரு கோல் விழுவதற்கே ஒன்றரை மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும். 2010 நவம்பர் 6ம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்டிக் அணி அபர்டீன் அணியை 9-0 என்று துவைத்துக் காயப்போட்டது. இந்த மாதிரி ஒரு வெற்றிக்குப் பிறகு ஊரே அதைப் பற்றித்தானே பேச வேண்டும்? பேசவில்லை. காலரியில் சில ரசிகர்கள் தூக்கிப் பிடித்த துணி பேனரைப் பற்றிப் பேசியது. பிரிட்டன் முழுக்க டி.வி.யிலும் பேப்பரிலும் அதே பேச்சு.

பேனரில் இருந்தது இதுதான்: உங்கள் செயல்களைப் பார்த்தால் நரகத்துப் பேய்களே வெட்கப்படும். அயர்லாந்து, இராக், ஆப்கானிஸ்தான். எங்கள் சட்டையில் ரத்தக்கறை படிந்த பாப்பி வேண்டாம்!

பிடித்தவர்கள் 'கிரீன் பிரிகேட்' என்ற ரசிகர் குழு. 2006ல் ஆரம்பித்த கூட்டம். கிளப் நிர்வாகம் உடனே பேனரைக் கண்டித்து அறிக்கை விட்டது. 'ராணுவ வீரர்களை அவமதித்துவிட்டார்கள், பிடித்து உள்ளே போடு' என்று ஒரு பக்கம். 'சபாஷ்' என்று இன்னொரு பக்கம்.

ஒரு பூவுக்கா இத்தனை ரகளை என்கிறீர்களா? பூ சமாசாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

டிசம்பர் 7 கொடி நாள் அன்று ஆபீசுக்கு உண்டியலோடு வருவார்கள். காசு போட்டால் சட்டைப் பையில் குட்டியாக ஒரு காகிதக் கொடி குத்துவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கழற்றி வைத்துவிடுவோம். பிரிட்டனில் கொடிக்குப் பதில் பூ. சிவப்புப் பாப்பி. நாம் குருமாவுக்கு அரைத்துவிடுகிற கசகசாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. முதல் உலகப் போரில் குண்டு விழுந்து உழுது போட்ட பெல்ஜியம், பிரான்ஸ் வயல்களில் இந்தப் பூதான் முதலில் முளைத்ததாம். போர் 1918 நவம்பர் 11ம் தேதி நின்றது. 1921லிருந்து அந்தத் தேதியை ஒட்டி துணிப் பூ, காகிதப் பூ விற்று, ஊனமுற்ற வீரர்களுக்கும் விதவைகளுக்கும் பணம் திரட்டுகிறார்கள். ஸ்காட்லாந்துக்கென்று எடின்பரோவில் தனித் தொழிற்சாலையே இருக்கிறது. இங்கிலாந்துப் பூவுக்கு இரண்டு இதழ், ஒரு பச்சை இலை. ஸ்காட்லாந்துப் பூவுக்கு நாலு இதழ், இலை கிடையாது. அங்கேயும் அண்ணன் தம்பிக்குள் தனிக் குடித்தனம்!

இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. காசு போடுகிறவன் போடுகிறான், குத்துகிறவன் குத்துகிறான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அரை நூற்றாண்டு வரைக்கும், நிஜமாகவே போரில் அடிபட்டவர்கள் உயிரோடு காலரியில் உட்கார்ந்திருந்த காலத்தில்கூட, எந்த அணியின் சட்டையிலும் பாப்பி கிடையாது. 2000க்குப் பிறகுதான் சட்டையில் பூ தைத்துக்கொண்டு ஆடும் பழக்கம் வந்தது. ஒரு கிளப் ஆரம்பித்தது, பக்கத்துக் கிளப் பார்த்தது, 'நீ ஏன் தைக்கவில்லை' என்று பத்திரிகைகள் கேட்டன. அவ்வளவுதான். டி.வி.யில் பூ இல்லாமல் முகம் காட்டினால் திட்டிக் கடிதம் வரும். 'சானல் 4' செய்தி வாசிப்பாளர் ஜான் ஸ்நோ 2006லேயே எரிச்சல்பட்டு இதற்கு 'பாப்பி பாசிசம்' என்று பெயர் வைத்தார். உச்சகட்டம் 2016ல். குழந்தைகள் நிகழ்ச்சியில் வந்து பிஸ்கட்டாகத் தின்று தீர்க்குமே, குக்கீ மான்ஸ்டர் என்கிற நீல பொம்மை... அது பி.பி.சி.க்கு விருந்தாளியாக வந்தபோது அதன் நெஞ்சிலும் ஒரு பாப்பி! அந்த பூதம் எந்தப் போர்முனையில் யாரை இழந்ததோ!

சிரித்தாயிற்றா? இனி சிரிக்க முடியாத பகுதி.

செல்டிக் கிளப் 1887ல் பிறந்தது, அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடிசை போட்ட ஏழைகளுக்காக. வால்ஃப்ரிட் என்ற கத்தோலிக்கத் துறவி, அந்தக் குழந்தைகளின் சாப்பாட்டுக்கு நிதி சேர்ப்பதற்காகவே ஓர் அணியை ஆரம்பித்தார். அதே ஊரில் ரேஞ்சர்ஸ் என்று எதிரணி. அவர்கள் புராட்டஸ்டன்ட், ராணி, யூனியன் ஜாக். இரண்டு பேருக்கும் மாட்ச் என்றால் பந்துக்குப் பின்னால் முந்நூறு வருடச் சரித்திரமும் சேர்ந்து ஓடும்.

செல்டிக் ரசிகனின் வீட்டில் தாத்தா கதை வேறு மாதிரி. 1920 நவம்பர் 21. டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தில் மாட்ச் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் போலீஸ் படை உள்ளே புகுந்து சுட்டது. அந்தப் படைக்கு ஆள் எடுத்ததே முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களிலிருந்துதான். 14 பேர் காலி. அதில் ஒருவர் ஆட்டக்காரர். சுடப்பட்டவர்கள் செய்த குற்றம், மாட்ச் பார்க்க வந்தது.

இன்னொரு ஞாயிறு: 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தின் டெர்ரி நகரம். சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் மேல் பாராசூட் ரெஜிமென்ட் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அன்றைக்கே 13 பேர் செத்தார்கள். ஒருவர் பிறகு செத்தார். ராணுவத்தின் மேல் பெரிதாகத் தப்பில்லை என்று அந்த வருடமே ஒரு விசாரணை முடித்துவிட்டது. சாகவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் விடவில்லை. இரண்டாவது விசாரணை 1998ல் ஆரம்பித்து 2010 ஜூன் 15ல் அறிக்கை வந்தது. செத்தவர்கள் யாராலும் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை என்றது. பிரதமர் டேவிட் கேமரன் பார்லிமென்டில் எழுந்து, செய்தது நியாயமே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 38 வருடம் கழித்து!

தேதியைக் கவனியுங்கள். ஜூனில் மன்னிப்பு. நவம்பரில் 'அதே ராணுவத்துக்கான பூவைச் சட்டையில் தைத்துக்கொள்' என்றால்? பாப்பி இரண்டு உலகப் போருக்கு மட்டுமானதல்ல, அதற்குப் பிறகு பிரிட்டிஷ் படை போன எல்லா இடத்துக்கும் சேர்த்துத்தான். டெர்ரியும் அதில் அடக்கம்.

ஆனால் எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு நவம்பர் இருக்கிறது. 1987 நவம்பர் 8, எனிஸ்கில்லன் என்ற வட அயர்லாந்து ஊர். பாப்பி குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்தின் முன் அஞ்சலிக்குக் கூடியிருந்த ஜனங்கள் பக்கத்தில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. 11 பேர் அங்கேயே போனார்கள். கோமாவில் விழுந்த ஒருவர் 13 வருடம் கழித்துச் செத்தார். அந்தக் குடும்பங்களுக்குப் பாப்பி என்றால் என்னவாக இருக்கும்? 'ரத்தக்கறை' என்ற பேனரை அவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள்?

இங்கேதான் எனக்கு அந்தப் பேனர்க்காரர்களோடு கொஞ்சம் மனஸ்தாபம். சொல்ல வந்த விஷயத்தில் நியாயம் இருந்தது. சொன்ன விதம், துக்க வீட்டுக்குள் நுழைந்து மைக் வைத்தது மாதிரி. பேனர்க்காரர்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது, எதிரிகளுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. அப்புறம் யாரும் டெர்ரியைப் பற்றிப் பேசவில்லை.

அதையே வேறு விதமாகச் சொல்லிக் காட்டியவர் ஒருத்தர் உண்டு. ஜேம்ஸ் மெக்லீன்.

டெர்ரியில் கிரெகன் என்ற குடியிருப்பில் வளர்ந்த பையன். 1972ல் சுடப்பட்டவர்களில் பல பேர் அந்தப் பேட்டைக்காரர்கள். மெக்லீன் பிறந்ததென்னவோ 1989ல். ஆனால் அந்தத் தெருக்களில் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. இங்கிலாந்துக்கு ஆடப் போனார். 2012 நவம்பரில் எவர்டனுக்கு எதிரான மாட்ச். சண்டர்லாண்ட் அணியில் எல்லார் சட்டையிலும் பாப்பி, இவர் சட்டையில் மட்டும் வெறும் இடம். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கொலை மிரட்டல்வரை வந்தது. 

2014ல் விகன் அணிக்கு மாறியிருந்தார். அந்த நவம்பரில் முந்திக்கொண்டு கிளப் சேர்மன் டேவ் வீலனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிளப்பே அதை வெளியிட்டது. சாராம்சம் இது: இரண்டு உலகப் போர்களில் செத்தவர்கள்மேல் எனக்கு முழு மரியாதை உண்டு, அதில் ஏராளமான அயர்லாந்துக்காரர்களும் இருக்கிறார்கள். இந்தப் பூ அவர்களுக்கு மட்டும் என்றால் வருஷம் முழுக்கக் குத்திக்கொள்ளத் தயார். ஆனால் இது மற்ற சண்டைகளுக்கும் சேர்த்து. நான் இதைக் குத்திக்கொண்டால் என் ஊரில் செத்துப்போன அப்பாவிகளை அவமதித்ததாகும்.

பேனர் இல்லை, கோஷம் இல்லை. முதலாளிக்கு வேலைக்காரன் எழுதின ஒரு லெட்டர். நமக்குத் தெரியும், மேனேஜருக்கு 'முடியாது ஸார்' என்று எழுத எத்தனை தடவை பேப்பரைக் கிழித்துப் போடவேண்டும் என்று! அதற்காகத் திட்டு நின்றுவிட்டதா? இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும், மாறிப் போன ஒவ்வொரு ஊரிலும், சில சமயம் சொந்த ரசிகர்களிடமிருந்தே வசவு. அவரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ரகமில்லை. திருப்பிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அதற்கிடையில் அயர்லாந்து தேசிய அணிக்கு 100க்கு மேல் ஆட்டங்கள் ஆடி முடித்துவிட்டார்.

2018ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் நெமான்யா மாடிச்சும் பூ வேண்டாம் என்றார். அவர் செர்பியாக்காரர். 1999ல் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டபோது விரேலோ என்ற கிராமத்தில் பயந்து நடுங்கின சின்னப் பையன். அவருக்கு அந்தப் பூ ஞாபகப்படுத்துவது அந்த ராத்திரிகளை.

உலகக் கால்பந்து சம்மேளனம் 'ஃபிஃபா' இதில் அடித்த கூத்து தனி. 2011ல் இங்கிலாந்து-ஸ்பெயின் மாட்சுக்கு, அரசியல் சின்னம் கூடாது என்று சட்டையில் பாப்பியைத் தடுத்தது. பிரதமரும் இளவரசர் வில்லியமும் சண்டைக்குப் போனார்கள். இரண்டு ஆசாமிகள் சூரிக்கில் ஃபிஃபா ஆபீஸ் கூரை மேலேயே ஏறிவிட்டார்கள். கடைசியில் கையில் கட்டும் கறுப்புப் பட்டையில் பூ போட்டுக்கொள்ளலாம் என்று பஞ்சாயத்து முடிந்தது. 2016ல் நவம்பர் 11 அன்றே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. இரண்டு அணியும் பூவோடு வந்தன. இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் பிராங்க், ஸ்காட்லாந்துக்கு 20,000 அபராதம். வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் அயர்லாந்து அணி, பிரிட்டனுக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டுச் சின்னத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டதற்கும் அபராதம் விழுந்தது. என் பூ அஞ்சலி, உன் சின்னம் அரசியல் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று! அடுத்த வருடம் விதியையே தளர்த்திவிட்டார்கள்.

இந்தப் பூச் சண்டை நமக்குப் பக்கத்திலேயே ஒரு தடவை நடந்திருக்கிறது, தெரியுமா? இலங்கையில். அங்கேயும் வெள்ளைக்காரர்கள் நவம்பர் 11ல் பாப்பி விற்றார்கள். வசூலில் பெரும் பங்கு கப்பலேறிப் போனது. எங்கள் ஊர் முன்னாள் சிப்பாய்க்கு என்ன கொடுத்தாய் என்று 1931ல் ஒரு கூட்டம் கிளம்பி, அதே நாளில் வேறு பூ விற்க ஆரம்பித்தது. சிங்களத்தில் 'சூரிய மல்'. நமக்குத் தெரிந்த பூவரசம்பூதான்! 1933லிருந்து இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். முன்னால் நின்ற டோரீன் யங் என்ற ஸ்கூல் டீச்சர் ஓர் ஆங்கிலேயப் பெண். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1935ல் லங்கா சமசமாஜக் கட்சி முளைத்தது. நல்லவேளை, யாரும் பூவரசம்பூவைச் சட்டையில் நிரந்தரமாகத் தைக்கச் சொல்லவில்லை.

கிளாஸ்கோ கதை இன்னும் முடிந்தபாடில்லை. 2024 நவம்பரில் கில்மார்னாக் மைதானத்தில் ஒரு நிமிட மௌன அஞ்சலியின்போது செல்டிக் ரசிகர்கள் பக்கமிருந்து சத்தம் கிளம்பி, அஞ்சலியைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. குத்தமாட்டேன் என்பது வேறு. இன்னொருவன் தன் தாத்தாவை நினைத்து அறுபது செகண்ட் தலைகுனிந்து நிற்கும்போது கத்துவது வேறு. முன்னதற்கு நான் மெக்லீன் பக்கம். பின்னதற்கு யார் பக்கமும் இல்லை.

இத்தனைக்கும் செல்டிக் கிளப்புக்கே சொந்தமாக ஒரு போர் வீரர் உண்டு. வில்லி ஆங்கஸ். சுரங்கத் தொழிலாளி, முதல் உலகப் போருக்கு முன்னால் செல்டிக்கில் ஆடியவர். 1915 ஜூன் 12, பிரான்சில் கிவான்ஷி. மார்ட்டின் என்ற லெப்டினன்ட் அடிபட்டு ஜெர்மன்காரர்களின் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் கிடந்தார். ஆங்கஸும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள், கார்லுக். போனால் திரும்பமாட்டாய் என்று சொல்லியும் கேட்காமல், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஆங்கஸ் தவழ்ந்து போய் அவரை மீட்டார். உடம்பில் 40 இடத்தில் காயம், ஒரு கண் போய்விட்டது. விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் வருடா வருடம் ஜூன் 12ம் தேதி ஆங்கஸ் வீட்டுக்கு ஒரு தந்தி வரும், மார்ட்டினிடமிருந்து. 1956ல் மார்ட்டின் இறந்துபோனார். அடுத்த ஜூன் 12க்கும் தந்தி வந்தது. அனுப்பினது மார்ட்டினின் சகோதரர். 1959ல் ஆங்கஸ் சாகும்வரை அது நிற்கவில்லை.