பெற்றவள் சிரிக்கவில்லை, பிள்ளை எடை ஏறவில்லை!

இண்டூர்,-

குழந்தைக்கு 6 மாதம் ஆகிறது. எடை ஏறவில்லை. ஆளைப் பார்த்தால் சிரிப்பதும் இல்லை.

"தோஷம் தட்டியிருக்கு" என்கிறார்கள். மந்திரித்து தாயத்து கட்டுகிறார்கள். பால் பவுடர் டின் வாங்குகிறார்கள். பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து கிடக்கும் தாயை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை!

இண்டூர், தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளி தாலுகாவில் இருக்கிறது. இந்த மாவட்டத்து ஆண்கள் ஏராளமானோர் பெங்களூர், திருப்பூர் என்று வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை பெற்றவள் அம்மா வீட்டில் இருக்கும் வரை கைக்கு ஆள் உண்டு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வந்தால் அடுப்பு, மாடு, தண்ணீர்க் குடம், கைப்பிள்ளை எல்லாம் அவள் தலையில்தான்.

அழுகை நிற்காவிட்டால்...

பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணம் இல்லாமல் அழுகை வருவது சகஜம். சில நாளில் தானாகப் போய்விடும். 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய். பிள்ளை தூங்கினாலும் இவளுக்குத் தூக்கம் வராது. சோறு இறங்காது. பிள்ளையைத் தூக்கவே பிடிக்காது.

"ஏண்டி, கல்லு மாதிரி உக்காந்திருக்கே? புள்ளை கத்துறது காதுல விழலியா?" என்று மாமியார் சத்தம் போடுவார். காதில் விழுகிறது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

கணியம்பாடியில் கண்டது

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளை வைத்து ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக இந்த நோய் கண்டவர்கள் 100-க்கு 11 பேர். வறுமை, மாமியாருடன் தகராறு, ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது, பையனை எதிர்பார்த்து பெண் பிறந்தது ஆகியவை காரணங்கள்.

கடைசிக் காரணம் தர்மபுரிக்குப் புதிது அல்ல. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இந்த மாவட்டத்துக்கும் வந்தது எதற்காக என்பது ஊருக்கே தெரியும்.

அதே கணியம்பாடியில் இன்னொரு ஆராய்ச்சி (2004). 6 மாதம் முதல் ஒரு வயது வரை உள்ள 72 நோஞ்சான் குழந்தைகளையும், நன்றாக வளர்ந்த 72 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த தாயின் குழந்தை நோஞ்சானாகும் ஆபத்து பல மடங்கு!

கோவாவிலும் 171 குழந்தைகளைக் கவனித்தார்கள் (2003). தாய் சோர்ந்திருந்த வீட்டில், 6 மாதக் குழந்தைகளில் எடை குறைந்தவை இரண்டு மடங்குக்கு மேல். புத்தி வளர்ச்சியும் பின்தங்கியிருந்தது.

அசையாத முகம்

தாய்ப்பால் குறைவது, ஊசி போடும் நாள் தவறுவது, பேதிக்கு உடனே வைத்தியம் பார்க்காதது - எடைக்கு இவை போதும். புத்திக்கு?

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சில நிமிடம் முகத்தை அசைக்காமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது; கையை நீட்டியது; கத்தியது. பலன் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுவோ சில நிமிட நாடகம். இங்கே மாதக்கணக்கில்!

"ங்கா" என்றால் "என்னடா கண்ணு" என்று பதில் வர வேண்டும். அந்தப் பேச்சில்தான் குழந்தையின் மூளை பழகுகிறது. தாய்க்கு முடியாத நாளில் பாட்டியோ அத்தையோ கொஞ்சினாலும் குழந்தைக்குப் பிடிமானம்தான்.

குணமாகுமா?

ஆகும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 6 மாதத்தில் அந்தத் தாய்மார்களில் நோய் நீங்காதவர்கள் 100-க்கு 23 பேர். மற்ற கிராமங்களில் 53 பேர். இந்த முடிவு 2008-ல் வந்தது. குழந்தைகளின் எடை பெரிதாக மாறவில்லை. ஆனால் பேதி குறைந்தது. தடுப்பூசி ஒழுங்காகப் போட்டார்கள். தாயும் தகப்பனும் பிள்ளையோடு விளையாடினார்கள்.

இங்கே அங்கன்வாடியில் குழந்தையை எடை போடுகிறார்கள். "உனக்கு எப்படிம்மா இருக்கு? ராத்திரி தூங்கறியா?" என்று தாயைக் கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

பால் கொடுக்கும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு. டாக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. சாகணும் போல இருக்கிறது என்றாலோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ காத்திருக்கக் கூடாது. தாயைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அரசின் மனநல உதவி போன் 14416. கட்டணம் இல்லை; ராத்திரியிலும் பேசலாம்.