வெயிலில் தோட்ட வேலை: தோலைக் காக்கும் வழிகள்

நாற்றங்காலில் இளம் செடி வாடிவிடக் கூடாது என்று தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது விவசாயிகளின் வழக்கம். ஆனால் அந்த நாற்றைப் பிடுங்கி நடுகிறவரின் தோலுக்கும் நிழல் தேவை என்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. "வெயிலில் உழைத்துப் பழகிய உடம்பு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். தோல் வெயிலுக்குப் பழகுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் படும் வெயிலின் பாதிப்பு, வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுவதைப் போல ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே வந்து, நடுத்தர வயதுக்கு மேல் வெளியே தெரிகிறது.

இந்தப் பாதிப்பின் பெரும்பகுதியை அதிகச் செலவில்லாமல் தடுக்க முடியும். வேலை நேரம், நிழல், உடை ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். கடையில் விற்கும் களிம்பு அதற்குப் பிறகுதான்.

சூடு வேறு, புறஊதாக் கதிர் வேறு

சூரியனிலிருந்து ஒளியும் வெப்பமும் வருவதோடு புறஊதாக் கதிர்களும் வருகின்றன. இவை கண்ணுக்குத் தெரியாதவை. உடம்பில் படும்போது சூடாகவும் தெரியாது. தரையை வந்தடையும் புறஊதாக் கதிர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் 'ஏ' வகை. மீதி 'பி' வகை. 'ஏ' வகை தோலின் ஆழம் வரை சென்று சுருக்கத்தையும் தளர்ச்சியையும் உண்டாக்குகிறது. 'பி' வகை மேல்தோலைச் சுட்டுப் புண்ணாக்குகிறது. இரண்டுமே தோல் செல்களில் உள்ள மரபுப் பொருளைச் சேதப்படுத்தக் கூடியவை.

சூட்டை வைத்து வெயிலின் கடுமையை எடை போடுவதால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். காற்றின் வெப்பம் பிற்பகல் 2 மணியிலிருந்து 3 மணிக்குள் உச்சத்தை அடைகிறது. புறஊதாக் கதிரோ, சூரியன் உச்சியில் நிற்கும் 12 மணியையொட்டியே உச்சத்தை அடைந்துவிடுகிறது. ஒரு நாளில் விழும் புறஊதாக் கதிரில் சுமார் 60 சதவீதம் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணிக்குள் விழுகிறது.

கடலோர மாவட்டங்களில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் உடம்பு குளிர்கிறது. ஆனால் அந்தக் காற்று கதிரைத் தடுப்பதில்லை. மெல்லிய மேகமும் 80 சதவீதம் வரை கதிரை உள்ளே விட்டுவிடும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடுகிறது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் கேரட் பிடுங்குபவரும் தேயிலை பறிப்பவரும் குளிருக்குக் கம்பளி அணிந்திருந்தாலும், அவர்கள் முகத்தில் படும் கதிர் சமவெளியைவிடக் கடுமையானது.

தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இரு முறை நேர் உச்சிக்கு வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறையும், ஆகஸ்டு 18-ஐ ஒட்டி மறுமுறையும் இது நிகழ்கிறது. கத்தரி வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் ஆடி, ஆவணியில் காற்றடிக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆடிப்பட்டத்தில் அவரையும் புடலையும் ஊன்றும் நாட்களிலும் தலைக்கு மேல் நிற்பது அதே சூரியன்தான்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள புறஊதாக் குறியீட்டு எண் 3-ஐத் தொட்டாலே காப்பு வேண்டும். 8 முதல் 10 வரை மிகக் கடுமை. 11-க்கு மேல் அதிகடுமை. தமிழ்நாட்டில் கோடை நடுப்பகலில் இது 11-ஐத் தாண்டுவது சாதாரணம். கைப்பேசியில் வானிலை பார்ப்பவர்கள் இந்த எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

மாநிறத் தோலுக்கும் காப்பு வேண்டும்

நம் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுதியாக உள்ளது. வெள்ளைத் தோலினருக்கு வரும் அளவுக்குத் தோல் புற்றுநோய் நமக்கு வராதிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் மெலனின் முழுக் கவசம் அல்ல. கன்னத்தில் படரும் மங்கு, கழுத்திலும் முன்கையிலும் தோல் கறுத்துத் தடித்துப் போவது, சுருக்கம் ஆகியவை மாநிறத் தோலுக்கும் வருகின்றன. வெள்ளை விழியில் சதை வளர்வதற்கும் கண்புரைக்கும் வெயிலின் பங்கு உண்டு.

வெண்புள்ளி உள்ளவர்கள் தனிக் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடங்களில் நிறப்பொருள் இல்லாததால் சிறிது நேர வெயிலிலேயே தோல் புண்ணாகிவிடும்.

குனிந்து களையெடுக்கும் பெண்களுக்கு வெயில் படும் இடங்களே வேறு. பின்கழுத்து, முதுகின் மேற்பகுதி, இரவிக்கைக்கும் சேலைக்கும் நடுவே தெரியும் இடுப்பு, முன்கை ஆகியவற்றில்தான் பல மணி நேரம் வெயில் விழுகிறது. முகத்தை மட்டும் காத்தால் போதும் என்று நினைப்பது இவர்களுக்குப் பொருந்தாது.

நிழல் சொல்லும் கணக்கு

கடிகாரமோ கைப்பேசியோ இல்லாமலே வெயிலை அளக்க ஓர் எளிய வழி உண்டு. சமதளத்தில் நிமிர்ந்து நின்று நிழலைப் பார்க்க வேண்டும். நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் கதிரின் கடுமை குறைவு. ஆள் நீளத்துக்குக் குறைந்துவிட்டால் காப்பு இல்லாமல் திறந்த வெளியில் நிற்கக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை 9 மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி மாலை 3 மணிக்குச் சற்றுப் பின் வரை நிழல் ஆளைவிடக் குட்டையாகவே இருக்கும். மார்கழியில்கூட நடுப்பகல் நிழல் ஆளைவிடக் குட்டைதான்.

ஆகவே கோடையில் களையெடுத்தல், பாத்தி கட்டுதல், அறுவடை போன்றவற்றை விடிந்தவுடன் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பதும், மீதியை மாலை 3.30 மணிக்கு மேல் வைத்துக்கொள்வதும் சிறந்தது. மல்லிகை பறிப்பவர்கள் பொழுது விடியுமுன் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பூவுக்காகச் செய்யும் இந்த ஏற்பாட்டைக் கோடையில் ஆளுக்காக மற்ற வேலைகளிலும் செய்யலாம்.

இதில் கூலி வேலைக்கு வருபவர் தாமாக எதையும் முடிவு செய்ய இயலாது. நேரத்தைக் குறிப்பவர் நிலத்துக்காரர்தான். கூலியைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் கோடைக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க வேண்டியது அவர் பொறுப்பு. வெயில் ஏறும் முன் குளிர்ந்த வேளையில் கை சுறுசுறுப்பாக ஓடுவதால், வேலையிலும் குறைவு இராது.

பூச்சிமருந்து தெளிப்பதையும் நடுப்பகலில் செய்யக் கூடாது. வியர்த்து நனைந்த சூடான தோல் வழியாக மருந்து உடம்புக்குள் எளிதில் ஏறும்.

தோட்டத்திலேயே நிழல்

வீட்டுத் தோட்டத்தில் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, வாழை ஆகியவற்றை வடக்கு ஓரமாக வைத்தால் காய்கறிப் பாத்திகளுக்கு வெளிச்சம் குறையாது. அந்த ஓரத்தையே வேலைக்கான நிழலிடமாக்கிக்கொள்ளலாம். புடலை, பீர்க்கு, பாகல் கொடிகளுக்கு ஆள் நிமிர்ந்து நடக்கும்படி 6 அடிக்கு மேல் பந்தல் அமைத்தால் காய்க்குக் காயும் ஆகும், நிழலுக்கு நிழலும் ஆகும். தொட்டியில் மண் நிரப்புதல், விதை நேர்த்தி, பதியம் கட்டுதல், காய் தரம் பிரித்தல், கடலை ஆய்தல் ஆகியவற்றை வெயிலில் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வயலானால் நான்கு மூங்கிலும் சில கீற்றுகளும் இருந்தால் இடம் மாற்றி ஊன்றக் கூடிய பந்தல் தயார்.

நிழல் நகர்வதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். காலையில் வீட்டின் நிழல் மேற்கே விழும். எனவே மேற்குப் பக்கப் பாத்திகளைக் காலையிலும் கிழக்குப் பக்கப் பாத்திகளை மாலையிலும் கவனித்தால் வெயிலில் நிற்கும் நேரம் பாதியாகும். மாடித் தோட்டத்தில் மாடிப்படி அறையின் நிழலுக்கும் இதே முறை பொருந்தும்.

வெயிலில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் சாகுபடி முறைகளும் உள்ளன. பாத்திகளில் சருகு, கரும்புத் தோகை, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றால் மூடாக்குப் போட்டால் களையும் குறையும், நீர் ஊற்றும் தடவையும் குறையும். சொட்டு நீர் அமைத்தவர் குடம் சுமக்க வேண்டியதில்லை. நீண்ட பிடியுள்ள களைக்கருவியை நின்றபடியே இயக்கலாம். முதுகு வெயிலுக்கு முகம் காட்டாது.

உடையும் தலைப்பாகையும்

பல ஊர்களில் பெண்கள் வயல் வேலையின்போது சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை அணிந்துகொள்கிறார்கள். இது மிகச் சிறந்த பழக்கம். கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்டு, கைப்பொத்தானையும் மாட்டிக்கொண்டால் பின்கழுத்து, கை, இடுப்பு மூன்றும் மறையும். துணி நெருக்கமாக நெய்த பருத்தியாகவும் தொளதொளப்பாகவும் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது மறுபக்கம் தெளிவாகத் தெரியும் துணி உதவாது. நைந்த துணியும், வியர்வையில் நனைந்து ஒட்டிய பருத்தித் துணியும் கதிரை அதிகமாக உள்ளே விடும். மாற்றுச் சட்டை ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

துண்டால் கட்டும் முண்டாசு உச்சந்தலையைக் காக்கும். காதையும் மூக்கையும் காக்காது. துண்டின் ஒரு முனையைப் பின்கழுத்தில் தொங்கவிட வேண்டும். பனையோலைத் தொப்பியானால் விளிம்பு சுற்றிலும் 3 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் முகம், காது, கழுத்து அனைத்துக்கும் நிழல் கிடைக்கும்.

வெயிலோடு சேர்ந்து புண்ணாக்கும் செடிகள்

எலுமிச்சை, நாரத்தை, அருவதா ஆகியவற்றின் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால், ஓரிரு நாட்களில் சூடுபட்டது போலச் சிவந்து கொப்புளிக்கும். பிறகு அந்த இடம் கோடு கோடாகக் கறுத்துப் பல வாரங்கள் மறையாமல் இருக்கும். இந்தச் சாற்றிலுள்ள வேதிப்பொருள் 'ஏ' வகைக் கதிரோடு சேர்ந்து இப்படிச் செய்கிறது. எலுமிச்சை பறித்தபின் அல்லது பிழிந்தபின் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே வெயிலில் இறங்க வேண்டும்.

பார்த்தீனியம் இன்னும் கொடியது. 1955-ஆம் ஆண்டு புனேயில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தக் களையின் தூசு காற்றில் வந்து பட்டாலே சிலருக்கு இமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. வெயிலில் இது தீவிரமடைவதால், "வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்று எண்ணி உண்மைக் காரணத்தைத் தவறவிடுகிறார்கள். பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பயிரில்லாத தரிசில், ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கலாம். பயிர் நிலத்தில் இதைத் தெளிக்கக் கூடாது. ஒவ்வாமை வந்துவிட்டவர் இந்தக் களையைத் தொடாமல் பிறரைக்கொண்டு அகற்றுவதே நல்லது.

சில மருந்துகளும் தோலின் வெயில் தாங்கும் திறனைக் குறைக்கின்றன. எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில நீர்மாத்திரைகள் இத்தகையவை. மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

களிம்பு பூசுவோர் கவனத்துக்கு

வெயில் காப்புக் களிம்பு வாங்குபவர்கள் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாததாக, 'ஏ', 'பி' இரு வகைக் கதிர்களையும் தடுப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்குமாக ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி என்பது அளவு. பொட்டு வைப்பது போலத் தொட்டுப் பூசினால் பயனில்லை. வெளியே இறங்குவதற்கு 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன் பூசி, 2 மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். வியர்வையில் கரைந்தால் அதற்கு முன்பே பூச வேண்டும். சட்டை மறைக்கும் இடத்துக்குக் களிம்பு தேவையில்லை என்பதால், உடை சரியாக இருந்தால் செலவும் குறையும். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் இந்த வேலையைச் செய்யா.

மங்கு மறைய வேண்டும் என்று பிறர் சொல்லும் களிம்பைக் கடையில் வாங்கிப் பூசுவது ஆபத்தானது. பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் வெளுத்தது போல் தோன்றி, பின்னர் தோல் மெலிந்து சிவந்து, வெயிலே தாங்காத நிலைக்கு வந்துவிடும்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

உதட்டிலோ முகத்திலோ ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண், வடிவம் மாறி வளரும் அல்லது இரத்தம் கசியும் மச்சம், ஒவ்வொரு கோடையிலும் திரும்பி வரும் தடிப்பு ஆகியவற்றைத் தோல் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு.

வேலையின்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். இடையிடையே உப்பிட்ட மோர் அல்லது நீராகாரம் நல்லது. வெயிலில் நின்றவர் பேச்சுக் குழறித் தடுமாறினாலோ, உடம்பு கொதித்து நினைவிழந்தாலோ, உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிறி, 108-க்குத் தகவல் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் நீர் புகட்டக் கூடாது.

ஒரு முழுக்கைச் சட்டை, ஓர் ஓலைத் தொப்பி, நான்கு மூங்கில் நட்ட பந்தல், ஒரு பானை மோர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு முறை மருந்து தெளிக்கும் செலவைத் தாண்டாது. வரும் கோடைக்கு விதையும் உரமும் சேர்த்து வைக்கும்போதே, வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இவற்றையும் சேர்த்து வைப்பது விவசாயிகளின் கடமையாகும்.