செங்கல் பாத்தியில் கீரையும் கறிவேப்பிலையும்

தில்லியில் தரைத்தள வீடு அமைந்து, பின்பக்கம் பத்தடி மண்ணும் இருந்துவிட்டால் அது பெரிய கொடுப்பினை. ஆனால் கடப்பாரையைப் போட்டால் பல வீடுகளில் வருவது மண்ணல்ல. கட்டடம் எழுப்பியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும்தான். இங்கே 'மல்பா' என்பார்கள். சுண்ணாம்பு மிகுந்த அந்த இடத்தில் கறிவேப்பிலை மஞ்சளித்துப் போகும். தோண்டி மாளாது. அதன் மேலேயே பாத்தி கட்டிவிடுவதுதான் வழி.

ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரம் போதும். அகலம் நாலடியைத் தாண்டினால் நடுவே கை எட்டாது. உள்ளே கால் வைத்தால் மண் இறுகி, உயர்த்திக் கட்டியதே வீணாகும். பலகை வேண்டாம், கரையானுக்கு விருந்தாகிவிடும். செங்கலை நாலு வரிசை அடுக்கினால் ஓரடி உயரம் வரும். சுமார் 105 கல் பிடிக்கும். சிமெண்டு பூசாதீர்கள். இடுக்கு வழியே தண்ணீர் வடிந்தால்தான் ஜூலை மழையில் கத்தரிச் செடியின் வேர் அழுகாது. வீட்டுச் சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளியே கட்டுங்கள், இல்லாவிட்டால் ஓதம் ஏறும்.

நிரப்ப 18 கன அடி வேண்டும். இரண்டு பங்கு நல்ல மண், ஒரு பங்கு மக்கிய சாண எரு, அரைப் பங்கு மணல், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. நர்சரியில் 'நீம் கலி' என்று கேட்டால் கொடுப்பார்கள். எரு நாற்றமடித்தால் வாங்க வேண்டாம். மக்காத சாணம் வேரைச் சுட்டுவிடும்.

மாடியில் கட்டலாமா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவும். நனைந்த மண் கன அடிக்குச் சுமார் 50 கிலோ. ஆகவே இந்த ஒரு பாத்தியே 900 கிலோ, செங்கல் தனி. புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 தர விதி சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். ஓரடி மண் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! மாடிக்காரர்கள் தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளைச் சுவரோரமாக, தள்ளித் தள்ளி வைத்துக்கொள்வதே நல்லது.

நம் ஊர் ஆடிப்பட்டம் இங்கே செல்லாது. மார்ச்சில் வெண்டை, தண்டுக்கீரை, பாகல். அக்டோபரில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி. மே மாத 'லூ' காற்றில் உயர்ந்த பாத்தி சீக்கிரம் காயும். வைக்கோல் பரப்பி இருவேளையும் தண்ணீர் விடுங்கள்.

கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்து, இரவில் பழைய சாக்கால் மூடி வையுங்கள், மார்ச்சில் துளிர்க்கும்.