விடியற்காலை உறுமல்

நான் ஷிப்டு வேலை பார்ப்பவன். விடியற்காலை 5 மணிக்கு நான் காரை ஸ்டார்ட் செய்தால் தாமான் பாதி எழுந்துகொள்ளும். "தம்பி, பிள்ளை இப்பத்தான் தூங்குச்சு," என்று பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று சொன்ன அன்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

என் காரில் இருப்பது 'ஆக்டிவ் எக்ஸோஸ்'. புகைக்குழாய்க்குள் ஒரு வால்வு உண்டு. திறந்தால் உறுமும், மூடினால் அடங்கும். சொலினாய்டுக்கு மின்சாரம் கிடைத்தால் எஞ்சினின் வெற்றிடம் வால்வை இழுத்து மூடும். நின்றால் ஸ்பிரிங் திறந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காரின் கணினி அதைத் திறந்தே வைக்கிறது.

பலர் அந்த வயரின் நடுவே சுவிட்சு வைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, உறும விடுவார்கள். எனக்கு வேண்டியது நேர்மாறு. தெரிந்த வயரிங் அண்ணன் இருவழி சுவிட்சு பொருத்தினார். ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் எர்த். சொலினாய்டுக்கு 12 வோல்ட் ஏற்கனவே வருகிறது. எர்த் கிடைத்ததும் வால்வு மூடிக்கொள்ளும்.

"வயரிங் படம் பார்க்காமல் எதையும் வெட்டக்கூடாது. சில கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும். மோட்டாரில் இயங்கும் வால்வுக்கு இந்த முறை ஒத்துவராது," என்றார் அண்ணன். ஜேபிஜே விதிகளையும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நெடுஞ்சாலையில் ஏறுமுன் சுவிட்சைக் கணினிப் பக்கம் திருப்பிவிடுவேன். மூடிய வால்வோடு வேகமாக மிதித்தால் புகை வெளியேற வழி குறுகி எஞ்சின் திணறும்.

இப்போது ஸ்டார்ட் செய்ததும் கார் ஒரு நொடி முனகி அடங்கிவிடுகிறது. அக்கா வீட்டு விளக்கு எரிவதில்லை.