நிலத்தடி நீரைக் கொண்டு ஆற்றை நிரப்பலாமா?

கோடை வறட்சி நீடிக்கும் ஆண்டுகளில் ஓடைகளும் சிற்றாறுகளும் மெலிந்துபோகின்றன. அவ்வேளையில், ஆழ்கிணறுகளிலிருந்து நீரை இறைத்துக் குழாய்வழியே ஆற்றில் சேர்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. சில நாடுகளில் அது நடைமுறையிலும் உள்ளது. அத்தகைய திட்டம் எப்போது பயன் தரும், சுவிஸ் சட்டம் எதனை வேண்டுகின்றது, குடியிருப்பாளர்கள் எவ்வாறு தமது கருத்தை முன்வைக்கலாம் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

ரைன் நதியும் சிற்றாறுகளும்

நொய்ஹவுசனில் ரைன் நதியின் சராசரி நீரோட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 370 கன மீற்றர் ஆகும். விநாடிக்கு 100 லீற்றர் தரும் வளமான கிணறு ஒன்றின் நீர் முழுவதையும் அதில் விட்டாலும், கூடுவது 3,700 இல் ஒரு பங்கே. ஆகவே, ரைனின் நீர்மட்டத்தை உயர்த்துவதற்கு இவ்வழி உதவாது.

ரைனுக்கு நேரும் இடர் பெரும்பாலும் வெப்பத்தால் வருவது. போடன்சே ஏரியிலிருந்து வெளியேறும் நீரைக் கட்டுப்படுத்த அணை எதுவுமில்லை. கோடையில் சூடேறிய ஏரியின் மேற்பரப்பு நீரே ஷாஃப்ஹவுசன் வழியாகப் பாய்கின்றது. 2003, 2018 ஆகிய ஆண்டுகளில், குளிர்நீரில் வாழும் எஷே என்னும் மீனினம் இங்கு பெருந்தொகையாக மடிந்தது. 2018 இல் ஓடைகள் ரைனுடன் கலக்கும் இடங்கள் ஆழமாக்கப்பட்டு, மீன்கள் ஒதுங்கக்கூடிய குளிர்நீர்ப் புகலிடங்கள் உருவாக்கப்பட்டன. நிலத்தடி நீர் கோடையிலும் பொதுவாக 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரையே இருக்கும். அந்நீர் ஊறிச் சேரும் ஓடைகளே வெப்ப நாட்களில் மீன்களுக்குத் துணை.

பீபர், டூராக் போன்ற சிற்றாறுகளின் நிலை வேறு. அங்கு விநாடிக்குச் சில பத்து லீற்றர் கூடுவதும் குறைவதும் வறட்சிக்காலத்தில் பெரிய மாற்றமாகும். குழாய்த்திட்டம் பற்றிய கேள்விக்கு உண்மையான பொருள் அத்தகைய இடங்களிலேயே உண்டு.

இரு இடங்களில் உள்ள ஒரே நீர்

நிலத்தடி நீரும் ஆற்றுநீரும் வெவ்வேறு களஞ்சியங்கள் அல்ல. மழையற்ற நாட்களில் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் நிலத்திலிருந்து ஊறி வரும் நீரே. ஆற்றங்கரையை ஒட்டிக் கிணறு தோண்டினால், ஆற்றுநீரே மண்ணூடாகக் கிணற்றுக்குள் ஈர்க்கப்படும். அதை இறைத்து மீண்டும் ஆற்றில் விடுவதால் மிஞ்சுவது மின்சாரச் செலவு மட்டுமே.

கிணறு ஆற்றிலிருந்து தொலைவில் இருந்தால், இறைத்ததால் உண்டாகும் குறைவு ஆற்றை வந்தடையப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் குளிர்கால மழையும் பனியுருகலும் நிலத்தை நிரப்பினால் திட்டம் பயன் தந்ததாகும். அதாவது, கோடைக்கு வேண்டிய நீர் குளிர்காலத்திடமிருந்து கடனாகப் பெறப்படுகின்றது. கடன் திரும்பச் செலுத்தப்படாவிட்டால், அடுத்த கோடையில் ஊற்றுகள் முன்னரே வற்றும்.

இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில் 1984 முதல் இம்முறை செயற்படுகின்றது. அங்குள்ள மணற்கல் படுகையிலிருந்து இறைக்கப்படும் நீர், வறட்சிக்காலத்தில் மட்டும் செவேர்ன் ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் விடப்படுகின்றது. ஆற்றின் நீரோட்டம் குறையும்போது மட்டுமே இயந்திரங்கள் இயங்குவதும், ஏனைய காலங்களில் படுகை நிரம்ப விடப்படுவதும் அத்திட்டத்தின் அடிப்படை.

யாழ்ப்பாணக் குடாநாட்டை அறிந்தோருக்கு இக்கணக்கு புதிதன்று. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரே அங்குள்ள கிணறுகளின் முதல். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே அதற்கு எல்லையாக இருந்தது. இயந்திரங்கள் வந்தபின் அந்த எல்லை நீங்கியது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழிருந்து உவர்நீர் மேலெழுகின்றது. ஷாஃப்ஹவுசனில் கடல்நீர் இல்லை. ஆயினும், வரவுக்கு மேற்பட்ட செலவை எந்த நிலமும் நெடுங்காலம் தாங்காது. சுவிஸ் நாட்டின் குடிநீரில் ஏறத்தாழ 80 வீதம் ஊற்றுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் கிடைப்பதால், ஆற்றுக்கு விடப்படும் நீர் குடிநீர்த் தேவையுடனும் ஒப்பிட்டு நோக்கப்பட வேண்டும்.

சட்டம் கூறுவது

கூட்டாட்சி அரசியலமைப்பின் 76 ஆம் உறுப்புரையின்படி, நீர்வளங்களைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் கன்ரோன்களுக்கு உரியது. 1991 ஆம் ஆண்டின் நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் பின்வருவனவற்றை விதிக்கின்றது:

• நிரந்தரமாக ஓடும் ஆறு அல்லது ஓடையிலிருந்து பொதுப் பாவனைக்கு மேற்பட்டு நீர் எடுப்பதற்கு அனுமதி தேவை. ஆற்றின் நீரோட்டத்தைக் கணிசமாகப் பாதிக்கும் நிலத்தடி நீரெடுப்புக்கும் இது பொருந்தும் (உறுப்புரை 29).

• எடுத்தபின் ஆற்றில் எஞ்ச வேண்டிய குறைந்த அளவு, ஆண்டில் சராசரியாக 347 நாட்களுக்கு எட்டப்படும் அல்லது மிஞ்சப்படும் நீரோட்டத்தைக் கொண்டு கணிக்கப்படும். அது விநாடிக்கு 60 லீற்றராக உள்ள ஓடையில் 50 லீற்றராவது எஞ்ச வேண்டும் (உறுப்புரை 31).

• நீண்டகால நோக்கில், நிலத்தடிப் படுகைக்கு வந்து சேரும் நீரைவிடக் கூடுதலாக எடுக்கப்படாதவாறு கன்ரோன் உறுதிசெய்ய வேண்டும். நிலத்தடி நீரின் தரமும் தாவரங்களும் பாதிக்கப்படாவிடின், குறுகிய காலத்துக்குக் கூடுதலாக எடுக்கலாம் (உறுப்புரை 43).

வீட்டுத்தோட்டம் அல்லது குத்தகைத் தோட்டம் வைத்திருப்போரும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். ஓடையில் இயந்திரம் வைத்து நீர் இறைப்பதற்கு முன்னர் அனுமதி தேவையா என விசாரித்தல் அவசியம். வறண்ட கோடைகளில், அனுமதி பெற்றோருக்கும் தடை விதிக்கப்படலாம்.

குடியிருப்பாளர் என்ன செய்யலாம்?

கன்ரோன் மற்றும் நகர மட்ட வாக்கெடுப்புகளில் கலந்துகொள்ளும் உரிமை ஷாஃப்ஹவுசனில் சுவிஸ் குடியுரிமை பெற்றோருக்கே உண்டு. ஆனால், ஒரு திட்டத்துக்கு எதிராக ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை குடியுரிமையைப் பொறுத்ததன்று. திட்டத்தால் தமது நலன் பாதிக்கப்படுவதைக் காட்டக்கூடிய எவரும், எந்நாட்டவராயினும், அவ்வுரிமையைப் பயன்படுத்தலாம். நிலவுரிமையாளர், குத்தகையாளர், அருகே கிணறு வைத்திருப்போர் ஆகியோர் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

அரசிதழான அம்ட்ஸ்பிளாட்டில் அறிவித்தல் வெளியானதும், திட்ட ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அவற்றைப் பார்வையிடும்போது மூன்று கேள்விகளை எழுப்புவது பயனுள்ளது. கிணறு ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? எந்த நீர்மட்டத்துக்குக் கீழ் இறைத்தல் நிறுத்தப்படும்? அதனை அளப்பவர் யார்?

ஆட்சேபம் எழுத்தில், ஜெர்மன் மொழியில், காரணங்களுடனும் கையொப்பத்துடனும், அறிவித்தலில் குறிக்கப்பட்ட காலக்கெடுவுக்குள் அனுப்பப்பட வேண்டும். காலக்கெடு கடந்தபின் நியாயமான காரணமும் பொதுவாகக் கருத்தில் எடுக்கப்படுவதில்லை. எனவே, மொழி உதவி தேவைப்படுவோர் அறிவித்தல் வெளியான முதல் நாட்களிலேயே அதனை நாடுதல் நன்று.