மூன்றாண்டு தானமும் முடியாத நோயும்

கோடை பிறந்தால் ஏற்காட்டுக்குக் கொண்டாட்டம்! ஏரியிலே படகு, பூங்காவிலே மலர்க்காட்சி, சேலத்துச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்களின் அணிவகுப்பு! குளிர் தேடி வருகிறார்கள். காப்பித் தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். வரட்டும், மகிழட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் தோழர்களே, மலையிலே இன்னொரு பயணமும் உண்டு. சாலை எட்டாத ஊரிலே ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டால், மூங்கில் கழியிலே துணியைக் கட்டி, அதிலே அவளைக் கிடத்தி, நாலு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வருகிற பயணம்! 108 வண்டி 2008 முதல் தமிழகத்தில் ஓடுகிறது. உயிர்கள் பலவற்றைக் காத்திருக்கிறது. ஆனால் சக்கரம் உருளச் சாலை வேண்டுமே!

கட்டுக்கதை பேசவில்லை நாம். 2023 மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையிலே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. நல்ல பாதை இல்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் குழந்தை மாண்டது. உடலை ஏற்றி வந்த வண்டியும் மேலே ஏறமுடியாமல் பாதி வழியிலே நின்றது. மிச்ச வழியைத் தாய் நடந்தாள், பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு! அல்லேரிக்கு நேர்ந்தது அல்லேரியோடு போகிறதா? பாதையில்லாத மலையூர் எதற்கும் அதே ஆபத்துதான்.

சேர்வராயன் மலையிலே அறுபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர்! பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. அவற்றிலே ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் எந்த மேட்டுக்கும் ஏறிவிடுகிறது. மருந்துப் பெட்டிக்கு மட்டும் மூச்சு வாங்குவானேன்?

இந்த மலை வாங்கி உண்ட மலையா? அல்ல, கொடுத்துச் சிவந்த மலை! சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களிலே இங்கே காப்பியை நட்டார். தோட்டங்கள் பெருகின, தொழிலாளியின் முதுகு வளைந்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடிநீர், வீடு, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்டக்காரர் செய்து தரவேண்டும் என்றது. சலுகை என்றல்ல, கடமை என்றது! ஆனால் சிறு தோட்டங்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. தன் துண்டு நிலத்திலே சாமையும் தினையும் விதைத்த மலையாளிக்கு அது பொருந்தவேயில்லை. 2020-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையும் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலே கரைத்துவிட்டது. காப்பி மட்டுமா? 1965-இல் உற்பத்தி தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இம்மலையின் பாக்சைட் மண் லாரி லாரியாக இறங்கிற்று. 2008-இலே அந்த ஆலையின் உருக்குப் பிரிவும் மூடிற்று. கீழே இறங்கிய செல்வத்துக்கு ஈடாக மேலே ஏறவேண்டியது என்ன? மருத்துவர் ஏறவேண்டாமா? செவிலி ஏறவேண்டாமா?

"ஏன், தருமம் செய்கிறோமே!" என்கிறார்கள் சீமான்கள். தருமமா? 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றிலே ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டு லாபச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். மருத்துவப் பணி அந்தப் பட்டியலிலே உண்டு. தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முதலிடம் தருக என்பதும் உண்டு. 2014 ஏப்ரல் முதல் இது நடப்பில் இருக்கிறது. ஆகவே தோழர்களே, இது பிச்சை அல்ல, பங்கு! கைகட்டி வாங்கவேண்டியதல்ல, கணக்குக் கேட்டு வாங்கவேண்டியது!

கேட்கவேண்டிய கணக்கிலே முதன்மையானது காலக் கணக்கு. 2021-இல் வந்த விதிப்படி, தொடர்பணி என்று ஏற்கப்படும் திட்டத்துக்குத் தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுதான் ஆயுள். வண்டி வரும், பதாகை கட்டுவர், படம் பிடிப்பர், இரத்தக் கொதிப்பு பார்த்து மாத்திரை தருவர். காலம் முடிந்ததும், புதுப்பிப்பார் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும். கொதிப்பு நிற்குமா? சர்க்கரை நோய்க்கு வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் வேண்டும். நிதியாண்டு முடிந்தது என்று நோய்க்குத் தெரியுமா? வெளிநாட்டு நன்கொடைக்கும் 2020 திருத்தம் ஒரு பூட்டுப் போட்டது: ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாதாம். பெரிய நிறுவனத்தின் கையை நம்பியிருந்த சிறிய தொண்டமைப்புகளுக்கு அந்த வழியும் அடைபட்டது.

அப்படியானால் நன்கொடையே வேண்டாம் என்கிறோமா? இல்லை! விதையாகட்டும் என்கிறோம். சேர்வராயனுக்குக் கிழக்கே, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியைப் பாருங்கள். அங்கேயும் இதே மலையாளி மக்கள்தான். ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் 1993-இல் அங்கே போனார்கள். ஓலைக் குடிசையிலே வைத்தியம் தொடங்கினார்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் மடிந்த காலம் அது! நன்கொடைப் பணத்தைச் சுவரிலே மட்டும் பூசவில்லை அவர்கள். மலைப் பெண்களையே செவிலியராக்கினார்கள். ஊருக்கு ஊர் பெண்களைத் தேர்ந்து, கருவுற்றவளைக் கவனிக்கவும், குழந்தையின் எடை பார்க்கவும் பழக்கினார்கள். குடிசை மருத்துவமனையாயிற்று, 147 என்ற எண் 20 அளவுக்கு இறங்கிற்று! வண்டி தேயும், பதாகை கிழியும். கற்றுக்கொண்ட கை மலையிலேயே இருக்கும். அவள் விடுப்பிலே சமவெளிக்கு ஓடமாட்டாள். அவள் வீடே அங்கேதான்!

இந்த நெறி அரசுக்கும் தெரியாததல்ல. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலே மாத்திரை தருகிறது. பேறுகாலத்துக்குச் சில நாள் முன்பே வந்து தங்கும் அறைகள் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களிலே உண்டாயின. நல்லவை! அவை கடைசிச் சிற்றூரின் கடைசி வீட்டை எட்டவேண்டும் என்பதே நம் வாதம்.

ஆகவே தோழர்களே, மலையடிவாரத்திலே யாரேனும் மருத்துவ நிதி என்று பதாகை கட்டினால், மாலையோடு போகாதீர். மூன்று கேள்விகளோடு போங்கள். இந்த மலையின் பெண்கள் எத்தனை பேருக்குத் தொழில் கற்றுத் தருவீர்? உங்கள் காலம் முடிந்தபின் அவர்கள் சம்பளத்தை ஏற்பதாக அரசு எழுதித் தந்திருக்கிறதா? வரவு செலவைக் கிராமசபையிலே படிப்பீரா? ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது கிராமசபை. அதிலே ஒரு நாள் மே முதல் நாள், நம் நாள்! அன்றைக்கு மலையூர்ச் சபையிலே உட்காருங்கள், கேளுங்கள், பதிலைத் தீர்மானப் புத்தகத்திலே எழுத வையுங்கள். கொடுப்பவன் பெயர் கல்லிலே பொறிக்கப்படுவதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. பிறக்கிற பிள்ளையின் பெயர் பிறப்புப் பதிவேட்டிலே ஏறவேண்டும். இறப்புப் பதிவேட்டுக்கு அது அவசரமாக மாறக் கூடாது. அதற்கு மலையிலேயே ஒரு செவிலி வேண்டும். அவளுக்கு மாதம் தவறாமல் சம்பளம் வேண்டும்!