தீப்பெட்டிதான் ‘ரோபோ’... சாக்பீஸ் கோடுதான் ரேஸ் மைதானம்! விளையாடிக்கொண்டே கம்ப்யூட்டர் புரோகிராம் கற்கலாம்

வாணியம்பாடி:

“எந்நேரமும் கேம், கேம்னு உட்கார்ந்தா படிப்பு எப்படி ஏறும்?” வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் இது. ஆனால் கேம் ஆடுகிற பையனே ஒரு கேம் தயாரித்தால்? ஆட்டத்தோடு ஆட்டமாக கம்ப்யூட்டர் புரோகிராமும் கற்றுக்கொள்வான். அதற்கு ஏற்றது ரோபோ ரேஸ். முதல் பாடத்துக்கு கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு சாக்பீஸ், ஒரு தீப்பெட்டி போதும்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

டிரம்மில் இருக்கிறது புரோகிராம்

புரோகிராம் என்றதும் பயப்பட வேண்டாம். ‘முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று மெஷினுக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் உத்தரவுதான் புரோகிராம்.

தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. உப்பு போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு. அதன் பிறகு முடி நீக்கி, சதை நீக்கி, கடைசியில்தான் பதனிடும் வேலை. வரிசை மாறினால் தோல் வீண். அந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கும் அப்பாவுக்கு புரோகிராமின் பாதி விஷயம் ஏற்கனவே தெரியும்.

ஒரே ஒரு வித்தியாசம்தான். தொழிலாளிக்கு அரை வார்த்தை சொன்னால் போதும், மீதியைப் புரிந்துகொள்வார். மெஷினுக்கு அந்த புத்தி கிடையாது. சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்யும்.

ஆட்டம் எப்படி?

தரையில் 8-க்கு 8 கட்டம் போட வேண்டும். தீப்பெட்டியின் மேல் ஒரு அம்புக்குறி வரைந்தால் அதுதான் ரோபோவின் முகம். நடுநடுவே செருப்பு, டம்ளர் வைத்தால் அது தடுப்புச் சுவர். ஒரு மூலையில் கோடு போட்டால் அது வெற்றிக் கோடு.

உத்தரவு மூன்றே மூன்று. ‘முன்னால் 1 கட்டம் போ’, ‘வலது பக்கம் திரும்பு’, ‘இடது பக்கம் திரும்பு’. இதை துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, ரோபோவை நகர்த்தும் முன்பே சீட்டுகளை வரிசையாக அடுக்கிவிட வேண்டும். அடுக்கிய பிறகு மாற்றக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு சீட்டாகப் படித்து தீப்பெட்டியை நகர்த்த வேண்டும்.

உதாரணமாக, 3 கட்டம் நேராகப் போய், வலது பக்கம் 2 கட்டம் போக வேண்டும் என்றால் 6 சீட்டு வேண்டும். முன்னால், முன்னால், முன்னால், வலது திரும்பு, முன்னால், முன்னால். பலர் இங்கேதான் கோட்டை விடுவார்கள். ‘வலது திரும்பு’ என்றால் ரோபோ நின்ற இடத்திலேயே முகத்தை மட்டும் திருப்பும். நகராது. அதை மறந்தால் ரோபோ ஒரு கட்டம் முன்னாடியே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் வரும். ரோபோ நம்மைப் பார்த்து வரும்போது அதன் வலது பக்கம் நமக்கு இடது பக்கம். பசங்க சட்டென்று குழம்பிப் போவார்கள். எழுந்து போய் தீப்பெட்டிக்குப் பின்னால் நின்று, அது பார்க்கும் திசையிலேயே பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

தப்புதான் வாத்தியார்

ரோபோ சுவரில் முட்டினால் திட்டக் கூடாது. எந்தச் சீட்டில் தப்பு என்று முதலில் இருந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனிகளில் சாப்ட்வேர் என்ஜினீயர்கள் பார்க்கிற முக்கியமான வேலைகளில் இதுவும் ஒன்று.

கொஞ்சம் பழகியதும் இரண்டு புதுச் சீட்டு கொடுக்கலாம். ஒன்று, ‘இதை 3 முறை செய்’. மூன்று ‘முன்னால்’ சீட்டுக்குப் பதில் ஒரே சீட்டு போதும். இன்னொன்று, ‘எதிரே சுவர் இருந்தால் வலது திரும்பு, இல்லாவிட்டால் முன்னால் போ’. பிளஸ்-1ல் சி பிளஸ் பிளஸ், பிளஸ்-2வில் பைத்தான் படிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் பலர் தடுமாறுவது இந்த இரண்டு விஷயத்தில்தான். தீப்பெட்டி ஓட்டிய பையனுக்கு அது பழைய பாடம்.

1967-லேயே ஆரம்பம்

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. அமெரிக்காவில் 1967-ம் ஆண்டு சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி பியூர்சைக் ஆகியோர் சிறுவர்களுக்காக ‘லோகோ’ என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அந்த மொழியின் உத்தரவுப்படி ‘ஆமை’ என்ற சின்ன ரோபோ தரையில் ஊர்ந்து படம் வரைந்தது. ‘100 அடி முன்னால் போ, 90 டிகிரி வலது திரும்பு’ என்பதை 4 முறை செய்யச் சொன்னால் ஒரு சதுரம் வந்துவிடும். ரிச்சர்டு கார்பீல்டு என்பவர் உருவாக்கி, 1994-ல் வெளியான ‘ரோபோ ராலி’ என்ற அட்டை விளையாட்டிலும் சீட்டு அடுக்கித்தான் ரோபோ ரேஸ் நடக்கும்.

10-ம் வகுப்பு புத்தகத்திலேயே இருக்கு!

அடுத்த கட்டம் கம்ப்யூட்டர். அதற்கும் காசு கட்டி தனியாகப் படிக்க வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு வந்த தமிழக அரசின் 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘காட்சித் தொடர்பு’ என்ற கடைசிப் பாடத்திலேயே ‘ஸ்கிராட்ச்’ என்ற சாப்ட்வேர் சொல்லப்பட்டுள்ளது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் 2007-ல் வெளியிட்ட இது முற்றிலும் இலவசம். ஒரு முறை இறக்கிக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். டைப் அடிக்கத் தேவையில்லை. உத்தரவுகள் கலர் கலர் கட்டைகளாக இருக்கும். மவுசால் இழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்தால் போதும்.

ரேஸ் கேம் செய்யும் முறை இதுதான். பச்சைத் தரையில் சாம்பல் கலர் ரோடு வரைய வேண்டும். ஒரு ரோபோ படம் வைத்து, ‘எப்போதும் 3 அடி முன்னால் போ’ என்ற கட்டையை மாட்ட வேண்டும். வலது அம்பு பட்டனை அழுத்தினால் வலது பக்கம், இடது அம்பை அழுத்தினால் இடது பக்கம் திரும்ப வேண்டும். பச்சையைத் தொட்டால் வேகம் குறைய வேண்டும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

உண்மையான சவால் இதன் பிறகுதான். பட்டனை எடுத்துவிட்டு ரோபோ தானாகவே ஓட வேண்டும்! அதற்கு ரோபோவின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் வெவ்வேறு கலரில் இரண்டு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் கண். இடது கண் பச்சையைத் தொட்டால் வலது பக்கம் திரும்பு, வலது கண் தொட்டால் இடது பக்கம் திரும்பு. அவ்வளவுதான், வளைவு வளைவாக தானே ஓடும்.

வேகத்தை 3-ல் இருந்து 15 ஆக்கிப் பார்த்தால் வளைவில் ரோபோ புல்லுக்குள் பாய்ந்துவிடும். காரணம், ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு முறைதான் அது ரோட்டைப் பார்க்கிறது. வேகம் கூடினால் பார்வையும் கூட வேண்டும் என்ற பெரிய விஷயம் சின்னப் பசங்களுக்கு தானாகவே புரிந்துவிடும்.

இங்கிலீஷ் தடையா?

இங்கிலீஷ் வராது என்று ஒதுங்கவும் வேண்டாம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் உத்தரவுகளே தமிழில் இருக்கின்றன. திரையில் காட்டுவதற்கு ‘பதிப்பி’, நிபந்தனைக்கு ‘ஆனால்’, கடைசியில் ‘முடி’. யோசிக்கும் முறை பிடிபட்டுவிட்டால் பிறகு எந்த மொழிக்கும் மாறிக்கொள்ளலாம்.

நிஜ ரோபோவையே தொட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. மத்திய அரசின் ‘அடல் டிங்கரிங் லேப்’ திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும் திட்டம் இது. தங்கள் பள்ளியில் இந்த லேப் இருக்கிறதா, பிள்ளைகளுக்குத் திறந்து விடுகிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம்.

வேலைக்கு உத்தரவாதமா?

ஒரு கேம் செய்துவிட்டால் நாளைக்கே வேலை கிடைத்துவிடாது. அப்படிச் சொல்லி பணம் கேட்பவர்களிடம் உஷாராக இருக்க வேண்டும். ஆனால் தோல், ஷூ தொழிலிலேயே கம்ப்யூட்டர் கட்டிங் மிஷின்கள் வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் கொடுக்கும் அளவுப்படி கத்தி தானாக ஓடி தோலை வெட்டுகிறது. அந்த மிஷினுக்கு எதிரே நின்று வெட்டிய தோலை எடுத்து அடுக்குகிறவர் ஒருவர். அதற்கு உத்தரவு போடுகிறவர் இன்னொருவர். இரண்டு பேர் சம்பளமும் ஒன்றல்ல.

பிள்ளை அந்த இரண்டாவது ஆளாக வர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்பீசை கையில் கொடுக்கலாம். ரோபோ சுவரில் முட்டினால், “எந்தச் சீட்டுல தப்பு, நீயே கண்டுபிடி” என்று சொல்லிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.